தாம்பாளத்தில் ஒரு கைபேசி

மகளுக்குக் காது குத்திய அன்று எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்த தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மகளின் சிவப்புப் பட்டுச் சட்டை, ஒரு தேங்காய் ஆகியவற்றுடன் என்னுடைய கைபேசியும் இருந்தது. தேங்காயில் சாய்த்துத்தான் அதை நிறுத்தி வைத்திருந்தோம். திரை அணையக் கூடாது என்று மாமி சொல்லியிருந்தார். மாமி என்றால் என் கணவரின் தாய். ஆகவே நான் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுப்பதும், இடையில் ஓடிப்போய் ஒரு விரலால் திரையைத் தொட்டுவிட்டு வருவதுமாக இருந்தேன்.

அந்தத் திரையில் இருந்ததுதான் என் தம்பி தன் மருமகளுக்கு, அதாவது என் மகளுக்கு, செய்த சீர்.

எங்கள் ஆட்களிடம் பெண்பிள்ளையைத் தாய்மாமன் மடியில் இருத்தித்தான் காது குத்துவார்கள். அவன் கொண்டுவருவதை எல்லோரும் பார்க்கும்படி தட்டில் வைப்பார்கள். பார்க்க வைப்பது முக்கியம். பெட்டிக்குள் மூடிக் கொடுத்தால் அது சீர் இல்லை. என் பக்கத்தில் அப்படி வைக்க இருந்தவன் தம்பி ஒருவன்தான். சண்டை நேரம் எங்கள் ஊரான சம்பூரை விட்டு வந்த பிறகு எங்கள் சொந்தங்கள் ஆளுக்கொரு திக்காகப் போய்விட்டார்கள். அப்பா நான் படித்துக்கொண்டிருந்தபோதே இறந்துவிட்டார். என் கலியாணத்தைப் பார்க்க அம்மாவும் இருக்கவில்லை. தம்பி குவைத்தில், குளிரூட்டி பொருத்தும் கொம்பனி ஒன்றில் வேலை செய்கிறான். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை.

லீவு இல்லை என்று சொல்ல அழைத்தபோதே அவன் இதையும் சொன்னான்.

“அக்கா, தோடு வாங்கி ஆரிட்டயாவது குடுத்துவிடுவம் எண்டு பாத்தா ஊருக்கு வாற ஆக்கள் ஒருத்தரும் இல்லை. ஆனா என்னட்ட ஒரு சாமான் இருக்கு. டுபாயில இருக்கேக்க பிட்கொயின்ல சின்னத் துண்டொண்டு வாங்கினனான். அதை மருமகளுக்கு எண்டுதான் வச்சிருக்கிறன்.”

“டேய், அப்ப அவள் பிறக்கவே இல்லையே.”

“பிறப்பாள் எண்டு தெரியும்தானே.”

டுபாயில் அவன் வாங்கியது ஒளித்து மறைத்து அல்ல. அங்கே இப்படியான கணினி நாணயங்களை விற்க அரசாங்கம் அனுமதி கொடுத்த இடங்கள் இருந்தன. கடவுச்சீட்டைக் காட்டி, படம் எடுத்துக் கொடுத்து, முறையாக வாங்கியிருந்தான். பிறகுதான் கொம்பனி அவனைக் குவைத்துக்கு மாற்றியது. நாணயம் கைபேசிக்குள் இருந்தபடியால் அதுவும் அவனுடன் போயிற்று. அப்போது இதைப்பற்றி நான் யோசிக்கவில்லை. பிள்ளைக்கு என்ன வாங்கலாம், என்ன சட்டை, எந்த நாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் வணிகக் கல்வி படிப்பிக்கிறவள். பணத்தின் இயல்புகளை வருசாவருசம் கரும்பலகையில் எழுதுகிறவள். அப்படியிருந்தும், “உங்கட போன்ல ஒரு செயலி இறக்குங்கோ, நான் சொல்லித்தாறன்” என்று அவன் சொன்னபோது, அவன் குரலில் இருந்த சந்தோசத்தைத் தவிர வேறொன்றும் என் காதில் விழவில்லை. செயலியை இறக்கினேன், அவன் குவைத்திலிருந்து அந்தத் துண்டை அதற்கு அனுப்பிவிட்டான்.

மாமியிடம் சொல்லத்தான் பயந்தேன். தாய்மாமனும் வரவில்லை, தோடும் இல்லை, போனுக்குள் ஏதோ இருக்கிறது என்று ஒரு மருமகள் எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டிய வசனத்தை மனதுக்குள் திருத்தித் திருத்தி வைத்துக்கொண்டு, மாமி மீன் வெட்டி முடியும்வரை குசினியில் நின்றேன். மாமி எல்லாவற்றையும் கேட்டார். கத்தியைக் கழுவினார். பிறகு கேட்டது ஒன்றுதான்.

“அதைத் தட்டில எப்பிடி வைக்கிறது?”

அப்படித்தான் கைபேசி தாம்பாளத்துக்குப் போனது.

மடி வேறு பிரச்சினை. தம்பி என் கணவரின் கைபேசியில் வீடியோவில் வந்தான். கணவர் பாயில் சப்பாணி கட்டி இருந்து, பிள்ளையை மடியில் வைத்து, கைபேசியைப் பக்கத்தில் பிடித்தார். மாமி விடவில்லை.

“மடி எண்டா பிள்ளைக்குக் கீழயெல்லோ இருக்கோணும். போனைக் கீழ வை.”

“அம்மா, உடைஞ்சிடும்.”

“அவள் என்ன ஆனைக்குட்டியே? வை.”

வைத்தார்கள். கைபேசிக்குள்ளிருந்து தம்பியின் குரல் வந்தது. “அக்கா, ஒண்டும் தெரியேல்லை. ஒரே இருட்டாக் கிடக்கு.”

“அது உன்ர மருமகளின்ர பம்பேர்ஸ்,” என்றார் கணவர்.

விறாந்தை முழுக்கச் சிரித்தது. காது குத்த வந்த பத்தர் கூடச் சிரித்து, ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தார். அந்தச் சிரிப்புக்குள்ளேயே ஒரு காதைக் குத்தி மெல்லிய தங்கக் கம்பியை வளைத்துவிட்டார். மகள் வீறிட்டு அழுதாள். மற்றக் காது குத்தும்வரை அவளை அமர்த்த, கணவர் கைபேசியை வெளியே இழுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதை வாய்க்குள் வைத்தாள். தம்பிக்கு அவளுடைய இரண்டு பல்லும் நாக்கும் தெரிந்திருக்க வேண்டும். “மாமாவைத் தின்னுறாள் அக்கா, மாமாவைத் தின்னுறாள்” என்று சொல்லிக்கொண்டிருந்தவன் திடீரென்று பேசாமல் விட்டான். அழுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. கதைக்காமல் விட்டால் அவன் அழுகிறான் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பிறகு எல்லோரும் தாம்பாளத்தைச் சுற்றி நின்றார்கள். திரையில் ஒரு மஞ்சள் வட்டம். அதற்கு அருகில் புள்ளியும் சைபர்களும், கடைசியில் சில இலக்கங்களும்.

“முன்னுக்கு முழுக்கச் சைபரா இருக்கு. ஏதும் பிழைச்சுப் போச்சோ?” பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

“அது அப்பிடித்தான். ஒரு முழு நாணயத்தில சின்னத் துண்டு,” என்றேன்.

“அடகுக் கடையில எடுப்பாங்களோ?”

“அடகுக்கும் எடுக்கமாட்டாங்கள், கள்ளனும் எடுக்கமாட்டான். நல்ல சாமான்தான்,” என்றார் மாமி. சொல்லிவிட்டுத் தன்னுடைய கைபேசியால் தாம்பாளத்தைப் படம் எடுத்தார். எடுத்த கையோடு அதைக் குடும்பக் குழுவில் போட்டார். படத்துக்குக் கீழே ஒரு குரல்பதிவும் அனுப்பினார். குவைத்தில் இருக்கிற தாய்மாமன் பிள்ளைக்குப் பிட்கொயின் வைத்திருக்கிறார், நேரே அவருடைய போனில் இருந்து அனுப்பினவர் என்று சொல்லி, கொம்பனியின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். அந்தக் குழுவில் நிலாவெளி ஆட்கள், கொழும்பு ஆட்கள், கனடா ஆட்கள், குவைத்தில் வேலை செய்கிறவர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். தட்டை விறாந்தையில் வைப்பதும் அங்கே வைப்பதும் மாமிக்கு ஒன்றுதான்.

நானும் பக்கத்தில் நின்றேன். நல்ல படம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் பின்நேரம் மகள் என் கையில் பால் குடித்தபடி நித்திரையாகிவிட்டாள். கையை எடுத்தால் எழும்பிவிடுவாள். மற்றக் கையில் கைபேசி இருந்தது. அவளுடைய காதில் அந்தக் கம்பியைச் சுற்றிக் கொஞ்சம் சிவந்திருந்ததைப் பார்த்து, சிவந்தால் என்ன செய்வது என்று முதலில் தேடினேன். அதற்குப் பிறகுதான், பிள்ளையின் நாணயத்தைப் பிற்காலத்தில் எப்படிக் காசாக்குவது என்று தேடினேன். கடமை என்று நினைத்துத்தான் தேடினேன். அவளுடைய சொத்து, நான் பொறுப்பு.

எங்கள் நாட்டில் அதற்குத் தடையும் இல்லை, அனுமதியும் இல்லை. இது பணம் அல்ல, நட்டம் வந்தால் கேட்க ஒருவரும் இல்லை, வங்கி அட்டையால் இதை வாங்க ஏலாது என்று எச்சரிக்கைதான் இருந்தது. வாசித்ததும் எனக்கு வியர்த்தது. எச்சரிக்கை என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு அப்படித்தான். ஆனால் நிறுத்தவும் முடியவில்லை. மற்ற நாடுகளில் எப்படி என்று போனேன்.

ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ஜப்பானில் விற்கிறவர்கள் பதிந்துகொள்ள வேண்டும், அரசாங்கம் அவர்களைக் கவனிக்கும். இந்தியாவில் அதைப் பணமாக ஏற்பதில்லை, ஆனால் இலாபம் வந்தால் பெரிய வரி. ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து ஒரே சட்டத்தை எழுதி வைத்திருந்தன. சீனா வாங்குவதையும் விற்பதையும் மூடிவிட்டது. பங்களாதேசும் நேபாளமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. எல் சல்வடோர் என்ற சின்ன நாடு ஒன்று அதைத் தன்னுடைய சொந்தப் பணமாகவே ஏற்று, கடைக்காரர்கள் வாங்கத்தான் வேண்டும் என்று சொல்லி, பிறகு கட்டாயம் இல்லை என்று பின்வாங்கியிருந்தது. அந்த நாட்டை எனக்குப் பிடித்துப்போயிற்று. நானும் அப்படித்தான். ஒன்றைச் சரி என்று செய்துவிட்டு, பிறகு ஆயிரம் தரம் யோசித்து மெல்லத் திரும்பி வருகிறவள்.

எங்கள் வீட்டிலும் இரண்டு அரசாங்கம் இருந்தது. மகள் தவழத் தொடங்கியதும் நான் குசினி வாசலில் ஒரு கதிரையைப் படுக்கவைத்து அடைத்துவிட்டேன். அடுப்பு, கத்தி, கொதிக்கிற கறிச்சட்டி எல்லாம் உள்ளே இருக்கின்றன. மாமி வந்தால் அந்தக் கதிரையை எடுத்து நிமிர்த்தி, அதிலேயே இருந்துகொண்டு, பிள்ளையை உள்ளே விடுவார். “சூடு எண்டு ஒருக்காத் தொட்டுப் பாத்தா விளங்கும்” என்று சொல்லி, ஆறின சட்டியில் அவளுடைய விரலை வைத்துக் காட்டுவார். நான் திரும்பக் கதிரையைப் படுக்கவைப்பேன். மாமி திரும்ப நிமிர்த்துவார். யாருக்கு அக்கறை கூட என்று எனக்கு இன்னும் தெரியாது. எல்லா அரசுகளும் தவழ்கிற பிள்ளையை வைத்திருக்கிற வீடுகள்தானோ என்று நான் அன்றைக்கு நினைத்தேன். ஒன்று வாசலை அடைக்கிறது. ஒன்று வாசலில் கதிரை போட்டு இருக்கிறது. ஒன்று விட்டுவிட்டுப் பின்னால் ஓடுகிறது.

இப்படிச் சுகமாக யோசித்துக்கொண்டு போன விரல் குவைத்துக்கு வந்தது.

அங்கே வாசல் அடைப்பு. இந்த நாணயங்களால் எதற்கும் பணம் கொடுக்கக் கூடாது, இதில் முதலிடக் கூடாது, கணினிகளை ஓட்டி இதை உண்டாக்கவும் கூடாது. முன்பே வாங்கியதை வைத்திருக்கலாமா, அங்கிருந்து ஒருவருக்குக் கொடுக்கலாமா என்று தேடினேன். ஒரு கட்டுரை ஒரு மாதிரியும் இன்னொன்று வேறு மாதிரியும் சொன்னது. மாமியின் குரல் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. குவைத்தில் இருக்கிற தாய்மாமன். நேரே அவருடைய போனில் இருந்து. இன்ன கொம்பனி.

அங்கே அவனுடைய விசா கொம்பனியோடு கட்டுப்பட்டது. கொம்பனி வேண்டாம் என்றால் அவன் அந்த நாட்டிலேயே இருக்க முடியாது. அதற்கு மேலே, பொலிஸ் என்று வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாதது எல்லாவற்றையும் என் மனம் தானே எழுதி முடித்துவிடும்.

தம்பியை அழைத்தேன். வேலையிடத்தில் நின்றான். யாரும் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று பயந்து, சுற்றி வளைத்துக் கதைத்தேன்.

“டேய், அந்தச் சாமான் இருக்கெல்லோ.”

“எந்தச் சாமான்?”

“நீ அனுப்பின சாமான். அது நீ இருக்கிற இடத்தில கூடாதாமே. நீ அதைப்பற்றி ஒருத்தரிட்டயும் கதைக்காத. என்னட்டயும் கதைக்காத.”

“அக்கா, நீங்கள் இப்பிடிக் கதைச்சா ஆரும் கேட்டா கஞ்சா எண்டு நினைப்பாங்கள். பிட்கொயினையோ சொல்லுறியள்?”

“சொல்லாத எண்டெல்லோ சொன்னனான்!”

அவன் சிரித்தான். பிறகு அந்தச் சிரிப்புப் பாதியில் நின்றது.

“இஞ்ச தடை எண்டு தெரியும் அக்கா. நான் இஞ்ச வாங்கவுமில்லை, விக்கவுமில்லை. மருமகளுக்குத் தாறதும் அதுக்குள்ள வருமோ எண்டு தெரியேல்லை. வராது எண்டு நினைச்சனான்.” குரலைத் தணித்துக்கொண்டான். “மாமியின்ர படம் இஞ்ச என்ர அறைக்காரப் பெடியளிட்ட வந்திட்டுது. அவங்கள் ஆருக்கோ காட்டியிருக்கிறாங்கள். எங்கட மேலாள், போர்மன், என்னை நாளைக்குத் தன்ர கந்தோருக்கு வரச் சொல்லியிருக்கிறார். எதுக்கெண்டு சொல்லேல்லை.”

காரணம் சொல்லாமல் ஒருவனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டால் அது நல்லதற்காக இருக்குமா? “வேற என்னவும் விசயமா இருக்கும்,” என்றேன். நான் சொன்னதை நானே நம்பவில்லை.

“இருக்கும். எதுக்கும் மாமிட்டச் சொல்லி அந்தப் படத்தை எடுக்கச் சொல்லுங்கோ. அவவுக்கு மனம் நோகாமச் சொல்லுங்கோ, அக்கா.”

தனக்கு வேலை போகுமோ என்று தெரியாமல் நிற்கிறவன் மாமியின் மனத்தைப் பற்றி யோசித்தான். அவனை அப்படி வளர்த்தது அம்மாதான், நான் இல்லை. ஆனாலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

மாமி முற்றத்தில் நின்றார். காது குத்துக்குக் கட்டிய வாழைமரத்தில் இலையைத் தின்ன மான் ஒன்று வந்திருந்தது. ஊருக்குள் திரிகிற மான்களுக்கு எந்த வீட்டில் விசேசம் என்று எப்படியோ தெரிந்துவிடும். மாமி அதை முற்றம் கூட்டுகிற தும்புக்கட்டையால் கலைத்துக்கொண்டிருந்தார்.

“மாமி, நேற்றுப் போட்ட அந்தப் படத்தை எடுக்க ஏலுமோ?”

“ஏன்? ஆர் என்ன சொன்னவை?”

“ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை.”

“அப்ப இருக்கட்டும்.”

நான் சட்டத்தைச் சொல்லத் தொடங்கினேன். வகுப்பில் சொல்வது போல, முதலில் ஜப்பான், பிறகு இந்தியா என்று. மாமி நடுவில் நிறுத்தினார்.

“பிள்ளை, நான் அந்தப் படத்தை எடுக்கமாட்டன். நீ என்ன நினைக்கிறாய், நான் புதினத்துக்குப் போட்டனான் எண்டோ? உனக்குப் பின்னால ஒருத்தரும் இல்லை எண்டு எங்கட ஆக்கள் சிலபேர் கதைக்கிறவை. கலியாணத்தண்டும் கதைச்சவை. பிள்ளை பிறந்தண்டும் கதைச்சவை. எனக்குக் கேக்காது எண்டு நினைக்கினம். தாய்மாமன் வச்ச சீரைத் தட்டோட காட்டினா வாயை மூடுவினம் எண்டுதான் போட்டனான். இப்ப எடுத்தா, அது பொய்ச் சீர் எண்டு சொல்லமாட்டினமோ?”

தும்புக்கட்டையைப் பிடித்தபடி சொன்னார். என்னைப் பார்க்காமல் மானைப் பார்த்துத்தான் சொன்னார். இந்த வீட்டுக்கு நான் என்ன கொண்டுவந்தேன் என்று அளந்துகொண்டிருக்கிறவர் மாமிதான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். தேநீருக்குச் சீனி போடும்போதுகூட, கூடிவிட்டதோ குறைந்துவிட்டதோ என்று அவருடைய முகத்தைப் பார்க்கிறவள் நான்.

எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. மாமியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், குசினி வாசலில் படுத்துக்கிடந்த கதிரையைக் காட்டினேன்.

“மாமி, தம்பி இருக்கிற நாடு இப்பிடி. உள்ள போக வேண்டாம் எண்டு கதிரை போட்டிருக்கு. அவன் உள்ள போகேல்லை. ஆனா அவன்ர கையில அடுப்பில இருந்து எடுத்த சாமான் இருக்கெண்டு நாங்கள் ஊர் முழுக்கப் படம் போட்டிட்டம். நாளைக்கு அவனைக் கந்தோருக்குக் கூப்பிட்டிருக்கு.”

மாமி கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடுப்பில் செருகியிருந்த கைபேசியை எடுத்து என் கையில் வைத்தார்.

“எடு. இப்பவே எடு. எனக்கு அழிக்கத் தெரியாது.”

படத்தையும் குரலையும் எல்லோரிடமிருந்தும் அழித்தேன். அழித்த அடையாளம் மட்டும் அங்கே நின்றது. உடனே கேள்விகள் வந்தன. என்ன அழித்தீர்கள், ஏன் அழித்தீர்கள், பிட்கொயின் பொய்யோ என்று ஒருவர். சிரிக்கிற முகங்களைப் போட்டு இன்னொருவர். மாமியின் முகம் சிவந்தது. கைபேசியை என்னிடமிருந்து வாங்கி, நேற்று எடுத்த மற்றப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒரு படத்தில் மகள் கண்ணீரும் சளியுமாக, தம்பியின் முகம் தெரிகிற கைபேசியைக் கடித்துக்கொண்டிருந்தாள். கைபேசிக்குள் தம்பி வாயைத் திறந்து சிரித்தபடி இருந்தான். மாமி அதைப் போட்டார். பிறகு குரல்பதிவை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அரங்கில் பேசுவது போல நிமிர்ந்து நின்றார்.

“தாய்மாமன்ர மடியிலதான் எங்கட பிள்ளைக்குக் காது குத்தினது. மடி அங்கயிருந்து வந்தது. அதுக்கு மேல என்ன சீர் வேணும்? காதுக்குக் கம்பி போட்டிருக்கு. தோடு அவர் வந்து தன்ர கையால போடுவார். வேற ஆருக்கும் என்னவும் தெரியவேணுமெண்டால் என்னட்ட நேர கேளுங்கோ.”

ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையில் கணவர் வேலைக்குப் போனார். துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துக் கட்டும் படகில் அவருக்கு வேலை. போகும்போது, “ஒண்டும் நடக்காது, அவன் கெட்டிக்காரன்” என்றார். ஒன்றும் நடக்காது என்று யாராவது சொன்னால் எனக்குப் பயம் கூடும். வீட்டைக் கூட்டினேன். கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினேன். வாசலில் நின்றால் குடாவின் ஒரு துண்டு தெரியும். ஒரு கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. அது எத்தனை நாட்டு வாசலில் நின்று, எத்தனை சட்டத்துக்குக் கொடியைக் காட்டி வந்திருக்கும் என்று நினைத்தேன். கப்பலுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். என் தம்பிக்கு நான்தான் இருந்தேன். நானோ, காது சிவந்தால் என்ன செய்வது என்று தேடிவிட்டு அதற்குப் பிறகுதான் அவனைத் தேடினேன்.

மாமி அன்றைக்குக் கதிரையை நிமிர்த்தவில்லை. அது படுத்தபடியே கிடக்க, அதைக் கடந்து காலைத் தூக்கித் தூக்கிக் குசினிக்குப் போய்வந்தார். சேலையைப் பிடித்துக்கொண்டு அவர் அப்படிக் கடப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மத்தியானச் சோற்றுக்கு முதல் தம்பி அழைத்தான். மாமியும் நானும் ஒரே நேரம் கைபேசிக்குக் கை நீட்டினோம். மாமி கையை இழுத்துக்கொண்டார்.

“என்னடா?”

“போர்மன் படத்தைப் பாத்திட்டார் அக்கா. பழைய படத்தை. நீங்கள் அழிக்க முன்னமே.”

“பிறகு?”

“கதவைச் சாத்தினார். இது உன்ர மருமகளோ எண்டு கேட்டார். ஓம் எண்டனான். இந்த ஊரில இருக்கும்வரைக்கும் அந்தச் செயலியைத் திறக்காத, அதைப்பற்றிக் கதைக்காத, கேக்கிறவங்களிட்ட மாமி ஏதோ பிழையா விளங்கிக்கொண்டவ எண்டு சொல்லு எண்டார். அவருக்கும் ஊரில பேத்தி இருக்காம் அக்கா. கேரளாக்காரர். அங்கயும் காது குத்துற நேரம் மாமன்ர மடியிலதான் இருத்துவினமாம்.” தம்பியின் குரல் தளர்ந்தது. “கடைசியா, பிள்ளை நல்லா அழுதவளோ எண்டு கேட்டார். அவ்வளவுதான். போய் வேலையைப் பார் எண்டிட்டார்.”

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். மகள் தவழ்ந்து வந்து என் மடியில் ஏறி, கைபேசியைப் பறிக்கப் பார்த்தாள். தம்பியின் சத்தம் கேட்டால் அவளுக்கு அது கடிக்கிற சாமான்.

“நீ அந்தச் செயலியை அழிச்சிட்டியோ?” என்றேன்.

“ஓம். இனி இஞ்ச ஒண்டுமில்லை. மருமகளின்ரதுதான் இருக்கு, உங்கட போன்ல.”

மாமி குனிந்து, கைபேசியைத் தன் பக்கம் திருப்பினார். தூரத்தில் இருக்கிறவர்களுடன் கதைப்பது என்றால் மாமிக்குக் கத்த வேண்டும்.

“தம்பி! நான் மாமி கதைக்கிறன். நான்தான் பிழையா விளங்கிக்கொண்டனான் எண்டு உங்கட போர்மனிட்டச் சொல்லுங்கோ. அது உண்மைதானே. எனக்கு அந்தச் சைபர் ஒண்டும் இன்னும் விளங்கேல்லை.”

“ஐயோ மாமி, நீங்கள் ஒண்டும் பிழை செய்யேல்லை.”

“அந்தக் கதையை விடுங்கோ. எப்ப வாறியள்?”

“லீவு கிடைச்ச உடன வாறன் மாமி.”

“காதில கம்பிதான் கிடக்கு. புண் ஆறினாலும் நாங்கள் தோடு மாத்தமாட்டம். நான் குழுவில சொல்லிப்போட்டன், நீங்கள் வந்துதான் போடுறியள் எண்டு. என்னைப் பொய்க்காரி ஆக்கக்கூடாது, விளங்கிச்சோ?”

 அவன் கதைக்காமல் விட்டான். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

வகுப்பில் நான் எழுதிப்போடுகிற பணத்தின் இயல்புகளில் முதலாவது, எல்லோராலும் ஏற்கப்படுவது. என் லீவு முடிந்து பள்ளிக்கூடம் போனபோது அதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நாட்டில் ஏற்று, ஒரு நாட்டில் அடைத்து, எங்கள் நாட்டில் எச்சரிக்கையோடு பார்த்துக்கொண்டிருக்கிற அந்த மஞ்சள் வட்டம், எங்கள் விறாந்தையில் ஒரு பின்நேரம் எல்லோராலும் ஏற்கப்பட்டது. அடகுக் கடை ஏற்காது என்று தெரிந்தும் ஏற்றார்கள். அதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டாவது இயல்பை எழுதினேன்.

அந்தச் செயலி இப்போதும் என் கைபேசியில் இருக்கிறது. அழிப்பதா, வைத்திருப்பதா, சட்டம் மாறும்வரை பார்ப்பதா என்று வாரத்துக்கு ஒருதரம் மனம் மாறுகிறது. எல் சல்வடோர் போல. திறந்து பார்ப்பதில்லை. தம்பிக்கு லீவு தருவதாகக் கொம்பனி சொல்லியிருக்கிறது, நாள்தான் சொல்லவில்லை. மகள் இப்போது எழும்பி நடக்கிறாள். குசினிக் கதிரையைத் தானே தள்ளப் பழகிவிட்டாள். குளிக்க வார்க்கும்போது காதுக்குப் பின்னால் துடைத்து, கம்பியை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிவிடுவேன், துளை ஒட்டிப்போகாமல் இருக்க. நான் மறந்தால் மாமி சுற்றிவிடுவார். சில நாளில் இருவரும் சுற்றிவிடுகிறோம்.